சின்ன கேபினெட் டெஸ்க்டாப் அப்கிரேடு: கோளாறை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

அலுவலகங்கள் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் சின்ன கேபினெட் டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று பெயர்தான் மாறும், உருவம் ஏறக்குறைய ஒன்று. சுமார் 29 சென்டிமீட்டர் நீள அகலம், 9 சென்டிமீட்டர் தடிமன். குறைந்த விலைக்கு நல்ல உழைப்பாளி. மதுரையில் விஸ்காம் படிக்கும் என் அக்கா மகனுக்கும் அப்படி ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தோம். ராம், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்), கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக அவனும் நானும் சேர்த்து மாற்றினோம். அந்த வேலையிலும், அதற்கு முன்னும் பின்னும் தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்ததிலும் பார்த்த கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கோளாறு வந்தபிறகு படிப்பதைவிட, பொருள் வாங்கும் முன்னால் ஒருமுறை படித்தால் உபயோகம் அதிகம். இந்தப் பெட்டிகளில் வரும் தொல்லையில் பெரும்பகுதி, நல்ல பொருளைப் பொருந்தாத இடத்தில் போட்டதால் வருவது. பொருளும் நல்லது, பெட்டியும் நல்லது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடைக்காரர் கார்டைச் சோதித்துக் காட்டினால் அது ஓடும். உங்கள் வீட்டில் ஓடாது.

அதனால் முதலில் மூடியைத் திறந்து போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை) மேல் ஒட்டியிருக்கும் லேபிள், மதர்போர்டின் ஸ்லாட்டுகள், இப்போது இருக்கும் ராமின் லேபிள், பின்பக்கத்து வாய்கள் (கேபிள் மாட்டும் போர்ட்கள்). மாடல் எண்ணையும் பிராசஸர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கே இருக்கிறது என்று அதில் படத்தோடு இருக்கும். கடையில் நிற்கும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மாற்றி, ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ராம், எஸ்எஸ்டி, கார்டு மூன்றையும் ஒரே மாலையில் போட்டுவிட்டால், திரை வராதபோது எதைக் குற்றம் சொல்வது?

விண்டோஸ் 11 ஏறாது என்கிறது

இதை முதலில் பார்த்துவிட வேண்டும். மற்ற செலவெல்லாம் செய்யலாமா வேண்டாமா என்பதே இதைப் பொறுத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கத்தில் 8-ஆம் தலைமுறை பிராசஸர், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் அமைப்பு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் வசதி) மூன்றும் வேண்டும்.

பிராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ5-7500 என்றால் 7-ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-ஆம் தலைமுறை. 8 அல்லது அதற்கு மேல் இருந்தும் ஏறாது என்று வந்தால், பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அமைப்பு மென்பொருள்) ஏதோ அணைந்து கிடக்கிறது. டெல் பெட்டியில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அழுத்தி உள்ளே போய், செக்யூரிட்டி பகுதியில் டிபிஎம் அல்லது பிடிடி என்று இருப்பதை இயக்குங்கள். பூட் முறை, அதாவது கம்ப்யூட்டர் எழும் முறை, பழைய லெகஸியில் இருந்தால் செக்யூர் பூட் வேலை செய்யாது, புதிய யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் பதிந்திருந்தால் மாற்றியதும் பூட் ஆகாது. அதைப் புதிய ஜிபிடி முறையாக்கும் கருவி விண்டோஸ் 10-இலேயே 2017 முதல் இருக்கிறது. மாற்றும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முறையான வழி கிடையாது. சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏற்றலாம், ஆனால் பின்னால் அப்டேட் நின்றுபோனால் யாரும் பொறுப்பில்லை. லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போதும் என்றால் அந்தப் பெட்டிகள் இன்றைக்கும் அருமையாக ஓடும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், கார்டுக்கு எடுத்துவைத்த பணத்தைச் சேர்த்து 8-ஆம் தலைமுறைப் பெட்டியாகவே வாங்கிவிடுவது நல்லது என்பேன்.

புது ராம் போட்டதும் திரை வரவில்லை

பதற வேண்டாம், முதலில் காத்திருங்கள். ராமை மாற்றியபின் முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு புது ராமை அளந்து பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். அரை நிமிடம், சில சமயம் ஒரு நிமிடத்துக்கு மேலும் கறுப்புத் திரைதான் இருக்கும். இரண்டொரு முறை தானே அணைந்து எழவும் செய்யும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திக் கொன்றுவிட்டு, ராம் போச்சு என்று கழற்றுபவர்கள் நிறையப் பேர்.

மூன்று நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் பவர் பட்டனின் விளக்கைப் பாருங்கள். இந்த அலுவலகப் பெட்டிகள் பேசும், நாம்தான் கவனிப்பதில்லை. சில வருடங்களாக வரும் ஆப்டிபிளெக்ஸ்களில் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் 2 முறை, வெள்ளையில் 3 முறை மின்னினால் ராமே தெரியவில்லை என்று பொருள். 2-க்கு 4 என்றால் ராம் பழுது, 2-க்கு 5 என்றால் பொருந்தாத ராம், 3-க்கு 1 என்றால் பயாஸ் பேட்டரி. எச்பியில் சிவப்பும் வெள்ளையுமாக மின்னுவதோடு பீப் சத்தமும் வரும், அதற்கான அட்டவணை மேனுவலில் இருக்கிறது. போனில் ஒரு வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணினால் தவறாது.

ராமே தெரியவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை அது முழுதாக உட்காரவில்லை. டிடிஆர்4 ராமின் கீழ்விளிம்பு நேர்கோடாக இருக்காது, நடுவில் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு முனை உட்கார்ந்து மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் மேலிருந்து பார்க்கச் சரியாகத்தான் தெரியும். சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ராமைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து ஒருசேர அழுத்தினால் கிளிப் தானே எழுந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால்தான் உட்கார்ந்ததாகக் கணக்கு. பழைய ராமாக இருந்தால் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? ராம் லேபிளை நிதானமாகப் படியுங்கள். பிசி4-2400டி என்பதுபோல் வேகம் எழுதியிருக்கும், அதற்கு அடுத்து ஒரு எழுத்து. 'யு' என்றால் சாதாரண டெஸ்க்டாப் ராம். 'எஸ்' என்றால் லேப்டாப் ராம், அதற்கு 260 கால், டெஸ்க்டாப்புக்கு 288 கால், மாட்டவே முடியாது. ஏமாற்றுவது 'ஆர்'. அது சர்வரிலிருந்து கழற்றிய ராம். கால் எண்ணிக்கை அதே 288, வெட்டும் பார்க்க அதேபோல் இருக்கும், ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் இந்தப் பெட்டிகளில் உயிர் வராது. 16 ஜிபி ராம் ஆச்சரியமான விலையில் கிடைத்தால் முதலில் அந்த எழுத்தைத் தேடுங்கள்.

3200 வேகம் என்று எழுதிய ராம் 2400-லேயே ஓடுகிறது என்பது கோளாறே இல்லை. 7-ஆம் தலைமுறை பிராசஸர் 2400 வரைக்கும்தான் எடுக்கும், ஐ5-8500 2666 வரை. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடப் போவதில்லை என்றால், ஒரே 16 ஜிபி ராமைவிட இரண்டு 8 ஜிபி ராம் நல்லது. பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் இதே ராமிலிருந்துதான் படிக்கிறது, இரண்டு சேனலாக இருந்தால் அதற்குப் பாதை அகலம்.

எம்.2 எஸ்எஸ்டி மாட்டினேன், கண்ணில் படவில்லை

முதலில் அது எந்த எஸ்எஸ்டி, எந்த ஸ்லாட் என்று பார்க்க வேண்டும். எம்.2 என்பது உருவத்தின் பெயர்தான். அதே உருவத்தில் ஹார்டு டிஸ்க் பாணியில் பேசும் சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. போர்டின் ஸ்லாட் எதை ஏற்கும் என்பது மேனுவலில் இருக்கும். பெட்டிக்குள் இன்னொரு குட்டி எம்.2 ஸ்லாட் இருந்தால் அது வைஃபை கார்டுக்கானது, எஸ்எஸ்டிக்கு அல்ல. 2280 என்ற எண்ணுக்கு 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். சில பெட்டிகளில் 80-க்கான ஸ்க்ரூ மேடை இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.2 ஸ்க்ரூ மிகச் சின்னது, பழைய பெட்டிகளில் அது காணாமல் போயிருப்பது சகஜம். வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூ இல்லாமல் எஸ்எஸ்டி சாய்ந்து தூக்கிக்கொண்டு நிற்கும், டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள்.

பயாஸில் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது என்றால், காரணம் அநேகமாகப் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பதற்கான ரெய்டு அமைப்பு. பல அலுவலகப் பெட்டிகளில் சாட்டா முறை ரெய்டு என்றே வைக்கப்பட்டிருக்கும். புதிதாக இன்ஸ்டால் செய்வதென்றால் அதைச் சாதாரண முறையான ஏஎச்சிஐ-க்கு மாற்றிவிட்டால் முடிந்தது. ஏற்கெனவே ஓடும் விண்டோஸை வைத்துக்கொண்டு சட்டென்று மாற்றிவிட்டால்தான் வினை: நீலத் திரை வந்து, பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று நிற்கும். அப்படி நின்றால் டேட்டா எங்கும் போகவில்லை, பயாஸில் பழையபடி ரெய்டுக்குத் திருப்புங்கள், எழுந்துவிடும். பிறகு விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியில் சேஃப் மோடைத் தேர்ந்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் ஏஎச்சிஐ-க்கு மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே வந்துவிட்டு அந்தத் தேர்வை நீக்குங்கள். அதற்குள் விண்டோஸ் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

இன்ஸ்டால் ஆகிறது, பூட் மட்டும் ஆகவில்லை என்றால் லெகஸி முறையில் இருக்கிறீர்கள். இந்தப் பெட்டிகளில் என்விஎம்இ-யிலிருந்து எழ யுஇஎஃப்ஐ வேண்டும்.

வேகம் டப்பாவில் போட்ட அளவு வரவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர் ஸ்லாட்டில் டேட்டா போக இரண்டு வழிதான் (லேன் என்பார்கள்), எஸ்எஸ்டிக்கு நாலு வழி. விட்டுவிடுங்கள் என்றேன். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கிடைக்கும் வித்தியாசத்துக்கு முன்னால் மீதி எல்லாம் சில்லறை. எம்.2 ஸ்லாட்டே இல்லாத பெட்டியில் சாதாரண 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டாலும் விநாடிக்கு 550 எம்பி அருகில் வரும்.

கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே போகவில்லை

பணம் அதிகம் வீணாவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கார்டைப் பின்சுவரில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தகடுதான் பிராக்கெட். சாதாரண கார்டின் பிராக்கெட் உயரம் 120 மில்லிமீட்டர். இந்தப் பெட்டியின் பின்பக்கத் துளை ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் பிராக்கெட்டுக்கானது. அதாவது லோ புரொஃபைல் எனப்படும் குட்டைக் கார்டு மட்டும்தான். கார்டின் போர்டே 69 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய கார்டை வாங்கி பிராக்கெட்டை மட்டும் மாற்றினால் நடக்காது, மூடி மூடாது.

லோ புரொஃபைல் என்று எழுதியிருந்தாலும், டப்பாவில் கார்டில் மாட்டி வருவது பெரும்பாலும் உயரமான பிராக்கெட்டாக இருக்கும், குட்டையானது தனியாக ஒரு கவரில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்தக் கவர் தொலைந்திருக்கும். குட்டை பிராக்கெட் இல்லாத கார்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தனியாகத் தேடினால் வாய்களின் இடம் ஒத்துப்போவது அபூர்வம்.

அடுத்தது தடிமன். ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 20 மில்லிமீட்டர்தான். சில கேபினெட்டுகளில் நீளமான 16 வழி ஸ்லாட் எஸ்.எம்.பி.எஸ்-ஐ ஒட்டியே இருக்கும். அங்கே இரண்டு ஸ்லாட் தடிமன் கொண்ட கார்டு நுழையாது. நான் ஒருமுறை நண்பருக்காக நல்ல கார்டு ஒன்றை வாங்கிப் போய், மூடியைத் திறந்ததும் அது புரிந்தது. கார்டின் விசிறி இருக்கவேண்டிய இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். சுவர். அன்றிலிருந்து ஸ்கேலை வைத்து அளந்த பிறகுதான் கடைக்குப் போகிறேன். ஸ்லாட்டின் நடுவிலிருந்து பக்கத்துச் சுவர் வரை எத்தனை மில்லிமீட்டர், பின்சுவரிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர், இந்த இரண்டு எண்ணும் வேண்டும்.

எந்தக் கார்டு என்று கேட்டால்: தனி பவர் கேபிள் கேட்காத கார்டாக இருக்க வேண்டும், அதாவது 75 வாட்டுக்குள். ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட், அதிலும் தனி கேபிள் கேட்கும் வகைகள் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது நாலு வழியில்தான் பேசும், பழைய பெட்டியின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் (இது ஸ்லாட்டின் தலைமுறை, பிராசஸருடையது அல்ல) வேகம் இன்னும் குறையும், வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் அந்தக் கார்டில் கிடையாது. என் அக்கா மகனுக்கு வேலையே வீடியோ எடிட்டிங் என்பதால் அதை ஒதுக்கிவிட்டோம். இன்டெல்லின் ஆர்க் ஏ310, ஏ380 கார்டுகள் வீடியோவுக்கு நல்லவை, ஆனால் அவற்றுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி வேண்டும், 10-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகளில் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஜிடி 1030 வாங்குவதென்றால் ஜிடிடிஆர்5 வகைதானா என்று கேளுங்கள். அதே பெயரில் டிடிஆர்4 வைத்து விற்கும் கார்டு மிகவும் மெதுவானது.

கார்டு உட்கார்ந்தது, திரை கறுப்பு

மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் வாயில்தான் இருக்கிறதா? கார்டு வந்ததும் பல பெட்டிகளில் பழைய வாய் தானாக அணைந்துவிடும். கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டு பயாஸைப் புதுப்பித்து, பிறகு மாட்டிப் பாருங்கள். பழைய பயாஸ் புதுக் கார்டை அடையாளம் காணாமல் இருப்பது உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வழியாக மானிட்டரை இணைத்திருந்தால், அதை ஒதுக்கி நேரடிக் கேபிளில் பாருங்கள்.

எடிட்டிங்கோ கேமோ தொடங்கியதும் பட்டென்று அணைகிறது

அணையும் விதத்தைக் கவனியுங்கள். நீலத் திரை வந்து நின்றால் டிரைவர் அல்லது ராம் பக்கம் போங்கள். திரையில் புள்ளியும் கோடுமாகச் சிதறினால் கார்டு. மெதுவாகி மெதுவாகி இழுத்தால் சூடு. எந்தச் செய்தியும் இல்லாமல், ஸ்விட்சை அணைத்ததுபோல் போனால் மின்சாரம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிந்திருக்கும். அது முறையாக அணையவில்லை என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தப் பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 180 முதல் 260 வாட் வரை. பிராசஸர் 65 வாட், வேகம் கூடி டர்போவில் ஏறும்போது அதற்கு மேலும் போகும். கார்டு 75. போர்டு, ராம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 30 வைத்துக்கொள்ளுங்கள். 170 ஆகிவிட்டது. 180 வாட் எஸ்.எம்.பி.எஸ்-இல் கூட்டிக் கழித்தால் பத்து வாட் மிச்சம், அதுவும் வருடக்கணக்கில் அலுவலகத்தில் ஓடிக் களைத்த எஸ்.எம்.பி.எஸ். சில பழைய மாடல்களில் ஸ்லாட்டே 75 வாட்டுக்குக் குறைவாகத்தான் தரும், மேனுவலில் அதையும் தேடுங்கள்.

சோதிக்க எளிய வழி: கார்டின் பவர் லிமிட்டை மென்பொருளில் 80 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, அதே வேலையை ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். திணறுகிறது என்று நம்பலாம். அதே மாடலுக்கு அதிக வாட் எஸ்.எம்.பி.எஸ். அதே நிறுவனம் போட்டிருந்தால் தேடி வாங்குங்கள். வெளிச்சந்தையின் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்.எம்.பி.எஸ். உருவத்திலும் பொருந்தாது, பிளக்கிலும் பொருந்தாது. இவற்றில் பலவும் 12 வோல்ட் மட்டும் தருபவை, 24 முள் பிளக் இருக்காது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சாட்டா பவரிலிருந்து ஆறு முள் கார்டு பிளக்குக்கு மாற்றும் கேபிள் கடையில் தொங்கும். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் கால்கள் 54 வாட்டுக்குத்தான் தாங்கும், ஆறு முள் பிளக் 75 வரை இழுக்கும். இந்தப் பெட்டிகளில் பலவற்றில் அந்த சாட்டா பவரே மதர்போர்டு வழியாகத்தான் வருகிறது. பிளாஸ்டிக் உருகிக் கரிந்த ஒரு பிளக்கை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கார்டுக்குத் தனி பவர் வேண்டுமென்றால் அது இந்தப் பெட்டிக்கான கார்டு இல்லை. டவர் கேபினெட்டுக்குப் போங்கள்.

பிராசஸர் மாற்றியதும் உயிரே இல்லை

6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே: எல்ஜிஏ 1151. இரண்டும் மின்னமைப்பில் வேறு. ஐ5-7500 இருந்த பெட்டியில் ஐ7-8700 உட்காரும், ஓடாது. 7-ஆம் தலைமுறைப் பெட்டிக்கு உச்சம் ஐ7-7700. பிராசஸரைக் கழற்றும் முன்பே, பழையது இருக்கும்போதே, பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கே என்று முடியும் பிராசஸர்களைத் தவிருங்கள், 91, 95 வாட் சூட்டை இந்தச் சின்ன ஹீட்சிங்க் தாங்காது.

பிராசஸர் மாற்றிய பிறகு ஒரு பக்க ராம் மட்டும் தெரியவில்லை என்றால் ராமைச் சந்தேகிக்காதீர்கள். ஹீட்சிங்க்கின் நாலு ஸ்க்ரூவில் ஒரு பக்கம் அதிகம் இறுகியிருக்கலாம், அல்லது சாக்கெட்டின் கம்பி ஒன்று வளைந்திருக்கலாம். எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

விசிறி இரைகிறது, சூடு ஏறுகிறது

பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்க்கை லேசாகத் திருகி எடுங்கள், இழுக்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விசிறியிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறை தேவையில்லாததுபோல் தெரியும், அதை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். வேலை நேரத்தில் 80, 85 டிகிரி வரை கவலையில்லை. 100-ஐத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் கதவு போட்ட மேசை அலமாரிக்குள் வைத்துவிட்டு எதை மாற்றினாலும் பயனில்லை, வெளியே எடுத்து வையுங்கள்.

ஆன் செய்ததுமே விசிறி முழு வேகத்தில் கத்தினால் சூடு காரணமல்ல. மூடும்போது ஏதோ ஒரு மெல்லிய கேபிள் கழன்றிருக்கிறது. விசிறிக் கேபிளையும், முன்பக்கம் வெப்பம் அளக்கும் சென்சார் இருந்தால் அதன் கேபிளையும் பாருங்கள்.

தேதி பின்னால் போகிறது, பயாஸ் அமைப்பு மறந்துபோகிறது என்றால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், வேறொன்றும் இல்லை.

கரண்ட் போகும்போது யுபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறது

அக்கா மகனின் பெட்டியில் இதுதான் நடந்தது. ஐ5-8500, 200 வாட் எஸ்.எம்.பி.எஸ்., புதிதாக ஆர்டிஎக்ஸ் 3050. கார்டு போட்ட ஒரு வாரத்தில் போன்: "மாமா, ரெண்டர் போடும்போது ரெண்டு தடவை ஆஃப் ஆயிடுச்சு. கார்டைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" ரெண்டர் என்றால் எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை. பவர் லிமிட்டை இறக்கச் சொன்னேன். மறுநாளும் அணைந்தது. கணக்குப்படி 165 வாட்தான், இடிக்கவில்லை. அப்புறம், எத்தனை மணிக்கு அணைகிறது என்று எழுதி வைக்கச் சொன்னேன். மூன்று நாளில் நாலு குறிப்பு. நாலும் அவர்கள் தெருவில் கரண்ட் கண் சிமிட்டிய நேரம். அவன் அறையில் மின்விசிறி இன்வெர்ட்டரில் சுற்றிக்கொண்டே இருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை.

600 விஏ யுபிஎஸ் ஒன்று இடையில் இருந்தது. வாட் போதும், பேட்டரியும் ஒரு வருடத்துப் பேட்டரிதான். ஆனால் மலிவான யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறியதும் தருவது அலை போன்ற சீரான மின்சாரமல்ல, படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டது. இந்த அலுவலகப் பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ்-இல் இருக்கும், மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்றுக்கு அது சில சமயம் ஒத்துக்கொள்ளாது. சும்மா இருக்கும்போது, பளு குறைவு என்பதால், சமாளித்துவிடும். ரெண்டர் ஓடும்போது மாறினால் விழுந்துவிடும். கார்டு வருவதற்கு முன் இது வெளியே தெரியாததற்கும் அதுதான் காரணம்.

சோதிப்பது சுலபம். வேலையைச் சேமித்துவிட்டு, ஒரு ரெண்டரை ஓடவிட்டு, சுவரிலிருக்கும் யுபிஎஸ் பிளக்கின் ஸ்விட்சை அணையுங்கள். பெட்டி விழுந்தால் யுபிஎஸ். விழாவிட்டால் ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓடட்டும், பாதியில் போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், பல மாடல்களின் பின்புறம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் அதிகம். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். ஏறத்தாழ 16 மில்லிநொடிதான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட வேண்டும். அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் நார்மலில்தான் கிடந்தது. அக்கா நாற்காலி போட்டு ஏறி ஸ்விட்சை மாற்றினாள், அவன் சின்ன யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு கேபினெட்டை நேராக இன்வெர்ட்டர் பாயிண்டில் மாட்டினான். ரெண்டர் ஓட ஓட மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டே இருந்தது. பவர் லிமிட்டை மறுபடி 100-க்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை அணைத்துப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் நிற்கவில்லை. கார்டு அவனிடமே இருக்கிறது.